விற்பனைக்கு இல்லாத வண்டியும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது: “நல்லதா நாலு வார்த்த எழுது. அந்த வண்டியப் பத்தி மட்டும் எழுதாத.” வண்டியை விட்டுவிட்டு அக்காவை எழுதுவதென்றால் பிறந்தார், மறைந்தார் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். ஆகவே வண்டியோடுதான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்திலுள்ள குடும்பப் படத்துக்குப் போய்விடலாம். அதிலும் பின்னால் வண்டிதான் நிற்கிறது.

திருவாலங்காட்டை ஒட்டிய சிற்றூரில், கரும்பும் நெல்லும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று அழைப்பவர், டிராக்டர் வாங்கியபோது அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டவன் நான். அடியில் படுத்து, என்ன சொட்டுகிறது என்று பார்த்தவர் அக்கா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருத்தணியில் மணம் முடித்துக் கொடுத்தார்கள். அக்காவின் கணவர், எங்கள் பாவா, ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருந்தார். நகரிப் பக்கம் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றிப் போவார். நெய்த துணியை ஏற்றி வருவார். அவர் மாரடைப்பில் திடீரென்று போனபோது அவர்களின் ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

கருமாதிப் பந்தியிலேயே பேச்சு எழுந்தது. எங்கள் பெரியப்பாவின் மகன், நாங்கள் பெரியண்ணன் என்று அழைப்பவர், அன்போடுதான் ஆரம்பித்தார்.

“வண்டிய குடுத்துடலாம்மா. பொம்பள நீ, அத வச்சிகினு இன்னா பண்ணப்போற?”

“ஓட்டப்போறேன்.”

“ரிப்பேர் ஆனா?”

“பாக்கப்போறேன்.”

“நீ இன்னாத்த பாப்ப?”

“அடியில பூந்து பாப்பேன்ணா. நீ சோத்தப் பாரு, ஆறிப்போது.”

சொன்னபடியே புகுந்தார். முதலில் அரக்கோணத்து மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டுவிட்டு, அவர் கழற்றுவதை மாலைவரை நின்று பார்த்தார். “ஒக்காருங்கம்மா” என்று நாற்காலி போட்டால், அதில் பாகங்களை வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டார். பிறகு ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, டீசல் குழாயில் காற்று ஏறினால் கைப்பம்பை அழுத்தி வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றாகத் தன் கைக்குக் கொண்டுவந்தார். மார்கழிக் காலையில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பாவிட்டால் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். “மன்சனுக்கே ஒரு காப்பி வேண்டிகீது. அதுக்கு வேணாமா?” என்பார். என்னிடம் அந்தப் பொறுமையை அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

அவரது பழக்கம் ஒன்று உறவினர் பலருக்குச் சங்கடத்தைத் தந்தது. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் திருத்தணி முருகன் மலைக்கு ஏற்றி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி இறக்குவார்கள். அக்கா ஒவ்வொரு பெரிய ரிப்பேர் முடிந்ததும் இந்த வண்டியை மேலே கொண்டுபோய்ப் புதுவண்டிகளின் வரிசையில் நிறுத்துவார். முன்னாலும் பின்னாலும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்கள் நிற்க, நடுவில் இது புகைவிட்டுக்கொண்டிருக்கும். குருக்கள் ஒருமுறை தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, இது புது வண்டிக்குப் பண்ற பூஜை ஆச்சே?”

“கிளட்ச் புதுசு சாமி. வாட்டர் பம்ப் புதுசு. நாலு டயரும் புதுசு. இதுல பழசுன்னு எதச் சொல்றீங்க?”

“வண்டி?”

“அதப் புதுசாக்கச் சொல்லித்தான் வந்துகீறேன்.”

இப்படியே நூலும் துணியும் ஏற்றி ஓட்டி மகளைப் படிக்கவைத்தார். மகள் கல்லூரி முடித்துக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியும் ஓட்டினாள். பெரியண்ணன் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, கரும்புக் கட்டோடு பழைய இரும்புக்காரர் ஒருவரின் விசாரிப்பையும் கொண்டுவந்து இறக்குவார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூரில் சிகிச்சை நடந்தது. பாதியாக இளைத்துப்போனார். அந்த நேரம் பார்த்து வண்டியின் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., காலாவதியாகும் நாளும் வந்தது. பெரியண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

“ஒடம்பு இப்டி இருக்கச்சொல்ல இன்னும் இன்னாத்துக்கும்மா அது? எஃப்.சி. ஆகலன்னா குடுத்துடணும்.”

“ஆயிட்டா?”

“ஆயிட்டா நான் வாயே தொறக்கமாட்டேன்.”

“டேய், நீ கேட்டுகினுதான இருக்க? சாட்சி” என்றார் என்னிடம். அந்தச் சாட்சியைத்தான் இப்போது அச்சிலேயே சொல்கிறேன்.

எஃப்.சி. அன்று காலையில் நேராக ஆய்வு நடக்கும் மைதானத்துக்குப் போவோம் என்றேன். மலைக்குப் போய்விட்டுத்தான் என்றார். மகள் ஓட்டினாள்; பூஜை முடிந்து இறங்கினோம். மைதானத்தில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றிவந்து, ஹெட்லைட்டை அப்பியிருந்த சந்தனத்தைத் துடைக்கச் சொன்னார். நம்பரை மறைத்த மாலையை ஏற்றிக் கட்டச் சொன்னார். பிறகு பிரேக் பார்த்தார். வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

“முன்சக்கரத்துல ஒண்ணு புடிக்கலம்மா. மூணு மணிக்குள்ள சரிபண்ணி எடுத்துகினு வந்தா பாக்கறேன். இல்லன்னா இது விழுந்த மாதிரிதான்.”

மலையிறக்கத்தில் பிரேக்கைப் போட்டுப்போட்டு வந்ததுதான் காரணம் என்று என் அறிவைக் காட்டினேன். “ஒழுகற ரப்பர் எங்கியாவது ஒருநாள் ஒழுகத்தான் போவுது. நகரி ரோட்ல லோடோட ஒழுகியிருந்தா உனுக்கு சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்பேனர் மூட்டையை இழுத்தார்.

எதிரில் பட்டறைகள் இருந்தன. ஆள் கூப்பிடுகிறேன் என்றேன். அதற்குள் அவர் மகளிடம் ஜாக்கியை நீட்டியிருந்தார். மகள் ஜாக்கி ஏற்றினாள். அக்கா காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தின் எதிரே உட்கார்ந்தார். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே எல்லாம் பிரேக் ஆயிலில் நனைந்து பளபளத்தது. அதைத் துடைத்து, பிரேக் சிலிண்டரில் ஒழுகிய ரப்பரை எடுத்துவிட்டு, பையில் வைத்திருந்த புது ரப்பரைப் பொருத்தினார். மகள் பெடலை மிதிக்க, இவர் காற்றை வெளியேற்றினார். “மிதி... புடி... விடு. இன்னொரு வாட்டி.” வெயிலில் வியர்த்துக் கொட்டியது, இரண்டு முறை கண்ணை மூடித் தலையைச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டார். நான் குடை பிடித்தேன். படித்த படிப்புக்கு அதுதான் உகந்த வேலையாக இருந்தது.

கடைசியில் சக்கரத்து நட்டுகளை இறுக்கக் கையில் வலு இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அவர் உடம்பில் அதை அசைக்கும் எடைகூட மிச்சமில்லை. இறங்கி என்னைப் பார்த்தார்.

“நீ ஏறி நில்லு. அந்த ஒடம்பு ஒரு நாளாவது வேலைக்கு ஆவட்டும்.”

ஏறினேன். நட்டு இறுகியது. நான் நல்லபடியாகச் செய்துமுடித்த ஒரே மெக்கானிக் வேலை அது.

மூன்று மணிக்கு முன்பே மறுபடி ஓட்டிக் காட்டினோம். வண்டி இழுக்காமல் நேராக நின்றது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். அக்கா அங்கிருந்தே பெரியண்ணனுக்குப் போன் போட்டு ஒரே வாக்கியம் பேசினார்: “அண்ணா, வாய மூடிக்கோ.”

சில வாரங்களில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். வலி மிகுந்த அந்த நாட்களிலும் அழுததில்லை. ஆனால் வாசலில் வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, “நாசில் பாக்கணும்டி” என்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்தைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் பெரியண்ணன் வாயைத் திறந்தார். “அவளே போயிட்டா. இனிமே இத யாருமா பாக்கறது?” என்றார். அக்கா மகள் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “நான் பாக்கறேன் மாமா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

இந்த ஓராண்டில் நாசில் பார்த்தாயிற்று. அவளே பார்த்தாள். அடுத்த எஃப்.சி.யும் ஆயிற்று. இருந்தும் இந்த மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில்கூட இரண்டு பேர் என்னைத் தனியே அழைத்து விலை விசாரித்தார்கள்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட வேலூர் செவிலியர்களுக்கும், கேட்ட நேரத்தில் பழைய பாகங்களைத் தேடிக் கொடுத்த அரக்கோணத்து மெக்கானிக்குக்கும், லோடு தாமதமானாலும் வேறு வண்டி பேசாத நகரி தறிக்காரர்களுக்கும், ஒவ்வொரு முறையும் பூஜை செய்து அனுப்பிய குருக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் அட்டை வண்ணத்தில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று அச்சிடவைத்த பெரியண்ணனுக்கும் நன்றி. அவர் எதிர்த்திராவிட்டால் அக்காவுக்குப் பாதி வேகம்தான் வந்திருக்கும்.

நினைவு நாளுக்கு ரயிலில் வருகிறவர்கள் திருத்தணி நிலையத்தில் இறங்கி வெளியே வரவும். அக்கா மகள் வண்டியோடு நிற்பாள். முன்னிருக்கை பெரியண்ணனுக்கு, மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொள்ளலாம், ஜமுக்காளம் விரித்திருக்கும். வேறு வண்டி ஏற்பாடு செய்யவில்லை. செய்வதாகவும் இல்லை.