அடக்கிப் பழகியவர்கள்

காலை ஆறே கால் மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு செருப்பு. எங்கள் லைன் வீட்டுக்கும் பொதுக்குழாய்க்கும் நடுவே, சரளைக்கல் மீது இடது கால் செருப்பு தனியாகக் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரியான என் மனைவி இடுப்பில் குடத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"செருப்பு கழண்டு கிடக்குது பாரு" என்றேன்.

"போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றவள் குனிந்து பார்த்தாள். பிறகு, நான்தான் உருவிப் போட்டேன் என்பது போல என்னைப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு நாளிதழுக்குத் திருப்பூர்ச் செய்திகளை எழுதிக் கோவை பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கும் டெய்லர். ஊரே பெடல் மிதிக்கிற ஊர். ஷிப்மென்ட் நெருங்கினால் கால் மரத்துப்போவது எல்லோருக்கும் நடக்கும். காலை உதறிவிட்டு, டீ குடித்துவிட்டு, மறுபடி உட்காருவார்கள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவள் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதுகுவலியையும் மரப்பையும் பெடல் கணக்கிலேயே எழுதினோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் வாசற்படியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அதே கம்பெனியில் அடுத்த மெஷின்.

"ஆத்தா கால்ல எறங்கிட்டா தாயி. வேப்பிலைய சீக்கிரமே எடுத்துட்டியே, அந்தக் கோவம்."

"ஆத்தாளுக்கு என்ற காலு எதுக்குங்க்கா? அவ ஓவர்லாக் ஓட்டோணுமா?" என்றாள் என் மனைவி.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடம்புச் சூடு தணிய இளநீர் வெட்டிக் கொடுத்தார். அது காலியானதும் இன்னொன்று. சாயங்காலம் அடிவயிறு பானை போலத் திரண்டு நின்றது. அக்காவும் நானும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஒரு கிளினிக்குக்குப் போனோம்.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மனைவி யோசித்தாள். நேற்றுச் சாயங்காலமாக இருக்கலாம் என்றாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன டாக்டர் பெரிய விசயம்! கம்பெனியில அத்தன பொம்பளைக்கும் ஒரே கக்கூசு, அதுக்கும் தாப்பா கெடையாது. நாங்க எல்லாம் அடக்கிப் பழகுனவுக."

டாக்டர் சிரிக்கவில்லை. "அடக்கறது வேற, வராம இருக்கறது வேற. போகணும்னு தோணுதாம்மா?"

"தோணவே இல்லீங்க."

டியூப் போட்டார்கள். பை நிறைந்தது, இன்னொரு பை கேட்டார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இளநீரைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. "தண்டுவடத்துல ஏதோ கோளாறு. இப்பவே கோயமுத்தூர் கொண்டு போங்க" என்றார் டாக்டர்.

கோவைக்கு அக்காவும் கூடவே வந்தார். அங்கே நரம்பு மருத்துவர் குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். தொப்புள் வரை அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு குத்து, "ஆ!" என்றாள். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

"கம்பெனியில விரல்ல ஊசி ஏறுனா ஊரே கேக்கற மாதிரி கத்துவனுங்க. இத்தன நேரம் நீங்க குத்துனதே தெரியலீங்க" என்றாள்.

தண்டுவடத்தை வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்பதால் முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். அழுத்தம் எதுவும் இல்லை, உள்ளேதான் வீக்கம். அடுத்து முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள்.

"முதுகுல ஊசி போட்டா இடுப்பு போயிருமாமே!" என்று அக்கா பதறினார்.

"இருந்தாத்தானக்கா போறதுக்கு" என்றாள் மனைவி.

அந்த நீரைச் சோதித்த பிறகு மருத்துவர் விளக்கினார். அம்மைக்குக் காரணம் ஒரு வைரஸ். அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல்படை, தன் தண்டுவடத்தையே அடித்து வீங்க வைத்துவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. திருடன் ஓடிய பிறகு வந்து கடைக்காரனை அடிக்கும் போலீஸைப் பற்றி நான் பலமுறை செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் அச்சில் வந்ததில்லை.

"மறுபடியும் மெஷின்ல உக்காருவனுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"முதல்ல நிக்கறீங்களான்னு பார்ப்போம். சிலருக்கு முழுசா திரும்பும், சிலருக்குப் பாதி. சிலருக்குத் திரும்பாது" என்றார் மருத்துவர். அன்று முழுக்க ஒரு நக்கல்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஸ்டீராய்டு மருந்தைச் சில நாள் டிரிப்பில் ஏற்றினார்கள். முகம் உப்பியது, பசி கூடியது. கேன்டீன் இட்லியைத் திட்டிக்கொண்டே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். படுக்கைப் புண் வராமல் இருக்க அக்காவும் நானும் மாறி மாறிப் புரட்டிப் படுக்க வைத்தோம். பிசியோதெரபிஸ்ட் தினமும் அவள் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து, "அழுத்துங்க" என்பார். ஒன்றும் நடக்காது. ஒரு நாள் வலது பாதம் லேசாக அழுத்தியது. "பழக்கம் விடல, பெடல்னு நெனச்சிருச்சு" என்றாள்.

டியூபை எடுத்துப் பார்த்த முதல் தடவை பலனில்லை, மறுபடி போட்டார்கள். அடுத்த முறை எடுத்த அன்று, பெட்பேன் மேல் இருந்தபடி, "அக்கா, வருதுங்க்கா!" என்று அவள் கத்தியது வார்டுக்கே கேட்டது. எதிர்க்கட்டிலில் இருந்த பாட்டி ஒருத்தர் கைதட்டினார்.

வாக்கர், பிறகு சுவர், பிறகு என் தோள் என்று பல மாதம் பிடித்தபடி நடந்தாள். வலது கால் திரும்பியது. இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. இன்னொன்றும் மாறியிருந்தது. ஒண்ணுக்கு வந்தால் ஒரு நிமிடம்கூட அடக்க முடியாது. உடனே போக வேண்டும். தண்டுவடத்துக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர்.

அவள் கம்பெனிக்குத் திரும்பியபோது அவளுடைய ஓவர்லாக்கில் வேறொரு பெண் இருந்தாள். இவளுக்குச் செக்கிங் மேஜை கொடுத்தார்கள். முதல் நாளே சூப்பர்வைசரிடம் போய், "நான் கேக்காமத்தானுங்க எந்திரிச்சுப் போவேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் என்னவோ சொல்ல வாய் திறப்பதற்குள் கக்கூஸ் பக்கம் நடந்துவிட்டாள்.

கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் போட்டிருக்கவில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் போய், வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.