உள்ளே இரண்டு பேர்

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். நடந்தது எனக்கு. கதவுப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. நேரங்களை அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய ஆவணங்கள் வைக்கும் அறை ஒன்று உண்டு. தீப்பிடிக்காமலிருக்க அங்கே ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருப்பார்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. யாரையும் உள்ளே விட்டுப் பூட்டிவிடக் கூடாதென்று ஓர் ஏற்பாடு: கார்டு பதிவுகளை பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறு புரோகிராம் படித்து, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணும். அத்தனை கார்டும் காட்டினால்தான் கதவு திறக்கும்.

அந்தப் பதிவு வரிகளைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்னை அன்று காலை நான் சுத்தம் செய்தேன். ‘கார்டு எண் 0417 வந்தால் எண்ணாமல் விட்டுவிடு’ என்று அதில் ஒரு துண்டு இருந்தது. எதற்கென்று புரியவில்லை. வெட்டிவிட்டேன். சோதித்துப் பார்க்க லேப்டாப்புடன் தனியாக உள்ளே போனேன். பிற்பகல் 3:07.

3:29. வெளியேற கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. திரையில், ‘உள்ளே: 2’.

சிரிப்புத்தான் வந்தது. பேட்டர்ன் என் வரியையே இரண்டு முறை பிடித்திருக்கும். ஒரு வரியை ஒரு முறைக்கு மேல் பிடிக்காதபடி பேட்டர்னை இறுக்கினேன். 2. இன்னும் குறுக்கினேன். 2.

இன்டர்காமில் காவலாளியைக் கூப்பிட்டேன்.

“என்ன தம்பி, நீ எழுதுன புரோகிராமே உன்னப் புடிச்சு உள்ள போட்டுருச்சா?”

“வெளியிலருந்து திறங்கண்ணே.”

“இங்கருந்து திறக்காதுப்பா. கூட இருக்கிறவரையும் கார்டு காட்டச் சொல்லு.”

“நான் தனியாத்தான் இருக்கேன்.”

அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அப்ப... உன் ஸ்க்ரீனக் குனிஞ்சு பாத்துட்டு நிக்கிறது யாரு?”

3:44. தலை கனத்தது. நான் திரும்பவில்லை.

பிடிபட்ட வரிகளைக் காட்டச் சொன்னேன்.

முதல் வரி நான். 3:07:12.

இரண்டாவது... 0417. 3:10:04.

நான் வந்த பிறகு கதவு திறக்கவே இல்லை.

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு...

வெட்டிய துண்டை மறுபடி எழுதினேன். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. பிழை.

3:51. மறுபடி.

1.

பச்சை.

ஓடினேன்.

அந்தத் துண்டை எழுதியவர் முன்பு எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்கா. மறுநாள் போன் செய்தேன்.

“அது ஆவணக் காப்பாளரோட கார்டு. அந்த ரூம்லயே போயிட்டார்ப்பா, ஆறு வருஷமாச்சு. யாராவது தனியா உள்ள போனா அந்த நம்பரும் உள்ள வந்ததாப் பதிவாகும். வெளிய போனதா மட்டும் ஒருநாளும் பதிவானதில்ல. அதான் விலக்கி வெச்சேன்.”

போனை வைத்துவிட்டுப் பதிவின் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தேன்.

3:52:11. வெளியே. நான்.

3:52:12. வெளியே. 0417.