களிமண் கலந்த கிராவல்

எண்பதுகளில், பென்னாகரம் பக்கம் ஒரு மண் சாலைக்குக் கிராவல் போடும் வேலையை நான் மேற்பார்த்தேன். வெட்டியெடுத்த சரளையைச் சலிக்காமல், உடைக்காமல் அப்படியே கொட்டிப் பரப்புவோம். பரப்பும் பெண்களில் ஒருவர் நல்ல உயரம். தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு. லோடு இறங்கியதும் ஒரு பிடி அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்ப்பார்.

ஒரு நாள் பிசைந்த கையை என்னிடம் நீட்டினார். விரல்களில் களிமண் பசையாக ஒட்டியிருந்தது.

“இதப் போடாதீங்க சார். கல்லே இல்ல, அத்தனையும் களிமண்ணு. மழ பேஞ்சா வண்டி சிக்கிக்குமுங்க.”

“உனக்கெதுக்கு இந்த வம்பு? பரப்புற வேலையப் பாரு,” என்று காண்ட்ராக்டர் சீறினார்.

“எம் மருமவளுக்கு நெறமாசங்க. ஆஸ்பத்திரிக்கு இந்த ரோட்டுலதான போவணும்?”

நான் லாரியைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் கல் நிறைந்த நல்ல கிராவல் வந்தது, அவர் வரவில்லை. காண்ட்ராக்டர் அவரை நிறுத்திவிட்டதாக மற்ற பெண்கள் சொன்னார்கள்.

அந்த ஐப்பசி மழையைச் சாலை தாங்கியது. அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காண்ட்ராக்டர் கேட்டிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.