மாடு குடித்த வெனிலா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சம்பா நடவு நேரம். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. உடல் எடையால் அப்பாவின் முட்டி தேய்ந்து, சர்க்கரையும் ஏறியதால், தஞ்சாவூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

2. சில வாரங்களுக்குத் திரவ உணவுதான், அதிலும் புரதப் பொடி கலந்த பானம் முக்கியம் என்றார்கள். சர்க்கரை கூடாது, மெதுவாக, வாய் வாயாகக் குடிக்க வேண்டும்.

3. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வெனிலா வாசனைப் பொடி அனுப்பினான். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நான், லேப்டாப்போடு ஊருக்கு வந்து தினமும் கலக்கிக் கொடுத்தேன்.

4. ஒரு காலையில் நடவைப் பார்க்கப் போன அப்பா, வரப்பில் மயங்கி விழுந்தார்.

நடவு ஆட்கள் தூக்கி வந்தபோது அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. மருத்துவமனையில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"புரோட்டீன் ஷேக் எல்லாம் உள்ள போகுதாம்மா?" என்றார் டாக்டர்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல டாக்டர்," என்றேன்.

அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் முகம் மாறியது. குடித்தும் இப்படி என்றால், உள்ளே தையல் விட்டிருக்கலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். முடிவு வந்தது. கசிவு இல்லை. ஆனால் மறுபடி இப்படி வந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார்.

வீடு திரும்பிய மறுநாள் கொட்டகைப் பக்கம் போனேன். மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த் தொட்டியில் வெனிலா வாசனை அடித்தது. நேரே அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"மாடு மினுமினுன்னு இருக்கேன்னு நானும் பார்த்தேன்," என்றார் அம்மா.

அப்பா தலையைத் தூக்கவில்லை. "தெனமும் பாயசம் குடிக்க நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா? வாயில வச்சாலே குமட்டுது. நீ வேலைக்கு நடுவுல வந்து கலக்குற. வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவர் வாய் ஒப்புக்கொள்கிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும். உணவு ஆலோசகரிடம் போனில் கேட்டுக்கொண்டு, வாசனை சேர்க்காத பொடி வாங்கினேன். முதலில் சூடான ரசத்தில் போட்டேன். திரிந்த பால்போலக் கட்டி தட்டியது. பிறகு பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெண்ணெய் எடுத்த மோரில் கலந்து, துளி உப்பு, பெருங்காயம், வறுத்த சீரகப் பொடி போட்டு வடிகட்டினேன்.

அப்பா ஒரு வாய் குடித்தார். நான் அவர் தொண்டையையே பார்த்தேன். இன்னொரு வாய். குமட்டவில்லை.

"இஞ்சி தட்டிப் போட்டிருக்கலாம்," என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்குத்தான் இனிமே கஷ்டம்," என்றார்.

இப்போது அப்பா இட்லியும் பருப்பும் அளவாகச் சாப்பிடுகிறார், வயலுக்கு நடந்தே போய் வருகிறார். காலையில் அந்த மோர் உண்டு. நான் ஊரில் இருந்தால், அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பிடிக்கவில்லை என்று அவர் தைரியமாகச் சொல்கிற நாட்களில்தான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.