புஷ்பம் ஆயா உயிரோடு பாடை ஏறிய கதை

ஆயாவின் இந்த நினைவு மலரை வாசிக்கப் போகும் பெரியோர்களுக்கும், வாசிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கப் போகும் மற்றவர்களுக்கும் முதலிலேயே ஒரு சத்தியம் செய்து தருகிறேன். கீழே நான் சொல்லப் போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. அப்படியும் நம்புகிற ஒருவர் இருந்தால் நோர்வூட் கடைவீதியில் என் மளிகைக் கடைக்கு வரட்டும், அந்த அபூர்வப் பிறவிக்கு என் செலவில் ஒரு பிளேன்டீ உண்டு.

செய்தி வந்தபோது பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தப்படிக்கும் ராசு அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஆயா போயிட்டாங்க மொதலாளி."

ராசு அண்ணன் கொண்டுவரும் சாவுச் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை விசாரித்த பிறகே ஏற்பது எங்கள் ஊர் வழக்கம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். ஆனால் அன்று நான் விசாரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், தராசைக் கீழே வைத்துவிட்டேன்.

புஷ்பம் ஆயாவைத் தெரியாதவர் எவரும் இதை வாசிக்கப் போவதில்லை என்றாலும் முறைக்காகச் சொல்கிறேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் பென்சன் வாங்கும்வரை ஆயாவாக இருந்தவர். தோட்டத்தில் இன்று மீசை வைத்திருக்கும் அத்தனை பேரும் அவருடைய சேலைத் தொட்டிலில் கிடந்தவர்கள். யூனியன் தலைவர் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கும்போது ஆயா கூட்டத்திலிருந்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டினால் போதும், முழக்கம் நின்று கைக்குட்டை வெளியே வரும். குரலோ, பொல்பிட்டிய மின்நிலையத்தில் தண்ணீர் வற்றினால் அந்தக் குரலை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். பென்சனுக்குப் பிறகு மாதா கோயில் பெண்கள் சபைக்கு அவர்தான் தலைவி. தேர்தலெல்லாம் கிடையாது. எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

நானோ கடைவீதிக்காரன். அந்தத் தொட்டிலில் கிடக்காதவன். கும்பிடுவதும் மாரியம்மனை. இந்த இரண்டு நியாயங்களையும் எடுத்துச் சொல்லி ஒரு நாள் அவர் ஏவிய வேலையிலிருந்து நழுவப் பார்த்தேன்.

"ஒன்னைய நான் கழுவி விடாதது ஒரு கொறதான் தம்பி. அத அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வா" என்றார். அன்று மாலை நான் மாதா திருவிழாச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் புயலுக்கு வருகிறேன். மழை பெய்தது என்று சொன்னால் அது மழைக்கு அவமானம். நீர்த்தேக்கத்து மீன்கள் நோர்வூட் பஸ் நிலையத்தில் நின்று ஹட்டன் பஸ் எப்போது என்று விசாரித்ததாக ஊரில் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்த மாட்டேன். நான் பார்த்தது ஒரு மீனைத்தான், அது கேட்டது பொகவந்தலாவை பஸ்ஸை.

மீன் போகட்டும். தோட்டத்தின் மேல்பிரிவுக்குப் போகும் பாதையில் மலை சரிந்து, பாதை இருந்த இடமே தெரியாமல் போனது. மேலே இருந்தவர்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ்ப்பிரிவில் மாதா கோயில் மட்டும் மேட்டில் நின்றதால், கொழும்புக் கோயில்கள் அனுப்பிய லொறி அங்கேதான் சாமான் இறக்கியது. அரிசி, பருப்பு, பால்மா, பாய், அத்தோடு ஒரு துணி மலை. அந்த மலையில் கல்யாணக் கோட்டு இருந்தது, குதிகால் உயர்ந்த செருப்பு இருந்தது. சரிந்த மலைக்குப் பதிலாக இதை நிறுத்தி வைத்திருக்கலாம், அவ்வளவு உயரம்.

ஃபாதர் இளைஞர், நல்ல மனிதர். முறைப்படி ஒரு தொண்டர் குழு அமைத்தார். தலைவர் வந்தார், உபதலைவர்கள் வந்தார்கள், பொருளாளர் குடையோடு வந்தார். மூட்டை தூக்கத்தான் ஆள் வரவில்லை. லயங்களில், அந்த வரிசை வீட்டுக் காம்பராக்களில், இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தால்தானே வருவார்கள்? மணி அடிக்கலாமா என்றார் ஃபாதர்.

"மணி அடிச்சா பூசைன்னு நெனச்சிக்குவாங்க சாமி. பாதிப் பேரு நம்ம கோயில் ஆளே இல்ல" என்றார் ஆயா. "ராசுவக் கூப்பிடுங்க. பெரட்டுத் தப்பு அடிக்கட்டும்."

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. அந்தக் காலத்தில் அதற்குத் தப்படித்துத்தான் அழைப்பார்கள். அந்தக் காலம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ராசு அண்ணன் தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்தார், கோயில் மேட்டில் நின்றார், கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பாவம், இத்தனை வருடமாகச் சாவுக்கு மட்டுமே அடித்துப் பழகிய கை. அது தன் போக்கில் எழவுத் தப்பை அடித்துவிட்டது.

அந்தச் சத்தம் நோட்டன் பிரிட்ஜ் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். கொழும்பில் கேட்டதாக நான் சொல்கிறேன். எப்படியோ, எல்லா லயங்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். வெறுங்கையோடு எழவு வீட்டுக்குப் போகும் பழக்கம் எங்களிடம் இல்லை. அரிசி வந்தது, தேயிலைத் தூள் வந்தது, சீனி, விறகு, பெஞ்சு, தார்ப்பாய் எல்லாம் வந்தன. ஒப்பாரிக்காரி காளியம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். கீழே இருக்கும் சிங்களக் கிராமத்து சோமே மாத்தையாவுக்கும் தப்புச் சத்தம் புரிந்துவிட்டது. சாவென்றால் பாதையோரம் வெள்ளைக் கொடி கட்டுவது அவர்கள் வழக்கம். ஆட்களோடு கொடி கட்டிக்கொண்டே ஏறி வந்து, "கவுத நெதி உனே?" என்று துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார். யார் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதையே நூறு வாய் தமிழில் கேட்டது. ராசு அண்ணன் தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆயா கோயில் படியில் ஏறி நின்றார்.

"இன்னும் யாரும் போகல. போகாம இருக்கத்தான் கூப்பிட்டேன். போனப்புறம் வர்றவங்க, ஒரு நாள் முந்தி வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

காளியம்மா, "அப்ப நான் முடிய முடிஞ்சிக்கவா ஆயா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிக்கிட்டு ஒலைய வையி."

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தொண்டர் குழு என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. எழவு வீடு என்றால் யாருக்கு எது வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயா அதைப் பிடித்துக்கொண்டார். குழி வெட்டுகிறவர்கள் சரிவில் நடைபாதை வெட்டப் போனார்கள். எழவு சொல்லப் போகிறவர்கள் மேல்பிரிவுக்கு வழி பார்க்கப் போனார்கள். தேத்தண்ணி ஊற்றுகிறவர்கள் அடுப்பை மூட்டினார்கள். சோமே மாத்தையா தன் வெள்ளைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய், கால் வைக்கக்கூடிய இடங்களில் நட்டார். ஃபாதர் தொண்டர் குழுவைக் கலைத்துவிட்டு விறகு பிளக்க உட்கார்ந்தார். நன்றாகவே பிளந்தார்.

பெண்கள் சபை சேலைகளைக் கிழித்து அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி என்று மூட்டை கட்டியது. பெண்களுக்கு மாதாமாதம் வேண்டிய பஞ்சுப் பாக்கெட்டுகளை ஆயா தன் கையாலேயே ஒவ்வொரு மூட்டையின் அடியிலும் வைத்தார். "இத ஆம்பளைங்க முன்னாடி கேட்டு வாங்க வைக்கக்கூடாது" என்றார். உபதலைவர் ஒருவர் ஆட்களை வரிசையில் நிற்கச் சொன்னபோது ஆயாவுக்குக் கோபம் வந்தது. "பெரட்டுல நின்னாங்க, கொழுந்து நிறுக்க நின்னாங்க. சோத்துக்கும் நிக்கணுமா? காம்பராவுக்குக் கொண்டுபோய்க் குடுங்கப்பா." அப்படித்தான் கொடுத்தோம்.

மேல்பிரிவுக்கு வழி கிடைத்தது. மூட்டைகள் ஏறின, மனிதர்கள் இறங்கினார்கள். கடைசியில் ஒரு குடும்பம் மட்டும் வரவில்லை. ஆயாவின் சொந்தத் தம்பி முத்துசாமியின் குடும்பம். முத்துசாமி ஒரு பக்கம் கை கால் விழுந்து தன் காம்பராவிலேயே படுக்கையில் இருந்தார். அவர் வராமல் மகள் வரமாட்டேன் என்றாள். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு ஓடியிருந்தது. அவரைத் தூக்கிவர ஒரு படுக்கை கட்டும்படி ஆயா நம் பையன்களுக்குச் சொல்லியிருந்தார். மூங்கில் வெட்டினார்கள், கயிறு கட்டினார்கள், கட்டி முடித்துப் பார்த்தால் அது பாடை. தப்புக்கு நேர்ந்ததுதான் மூங்கிலுக்கும். பச்சை ஓலை ஒன்றுதான் பாக்கி.

தூக்கப் போனவர்கள் வெறும் பாடையோடு திரும்பி வந்தார்கள். "உசுரோட பாடையில ஏற மாட்டேங்கிறாரு ஆயா. இதுல ஏறுனா எறங்க முடியாதாம்."

இந்த அக்காவும் தம்பியும் பேசி வருடக்கணக்காகிவிட்டது. தம்பியின் ஆடு அக்காவின் கோவாப் பாத்தியை, அதாவது முட்டைக்கோஸை, தின்றதா இல்லையா என்பது வழக்கு. ஆயா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பாடையில் ஏறி உட்கார்ந்தார்.

"தூக்குங்கடா."

தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். ஆயா தேயிலை ஆலையின் ரோலர் கனம். நாங்கள் ஏறியது மலையில் அல்ல, நேராக மேகத்துக்குள். என் காதைப் பிடித்துக்கொண்டு, "கடைக்காரா, ஆட்டாத, ஒன் தராசு மாதிரி ஆட்டாத" என்று வழிநெடுக வைதார். கீழே இருந்து பார்த்தவர்கள் ஆயா என் காதை வைத்துத்தான் பாடையைத் திருப்புகிறார் என்று நினைத்தார்களாம்.

காம்பரா வாசலில் இறக்கினோம். முத்துசாமி அண்ணன் படுத்தபடியே பார்த்தார்.

"எதுக்கு வந்த?"

"ஒன்னப் பாக்க வரல. இது ஆளக் கொல்லுமான்னு பாக்க வந்தேன். கொல்லல. ஏறுறேன், எறங்குறேன், பாத்துக்க. இப்ப நீ ஏறு."

"என் ஆடு ஒன் கோவாவத் திங்கல."

"தின்னுச்சு. அதக் கீழ போயி பேசுவோம்."

அவர் ஏறினார். மகளும் ஆடும் பின்னால் வந்தார்கள். ஆயா கம்பை ஊன்றிக்கொண்டு கொடிக்குக் கொடி நடந்தே இறங்கினார். அன்று மாலை, நாங்கள் கோயிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த லயத்தின் பின்சுவரை மலை தள்ளியது. சத்தத்தைக் கேட்டோம். ஆயா தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

போன கிழமை ஆயா தன் காம்பராவில் தூக்கத்திலேயே போனார். முத்துசாமி அண்ணனைத் தூக்கி வந்து பெட்டியருகே உட்கார வைத்தார்கள். ஆடுதான் தின்றது என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெட்டியைத் தூக்கும்போது இந்த முறையும் நான் ஒரு தோள் கொடுத்தேன்.

இவ்வளவும் சொன்னவன் கடைக்காரன். நிறுவையில் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பேன், நீங்கள் கழித்துக்கொள்வீர்கள், கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கழிக்காதீர்கள், அது உண்மை. சரிவின் நடுவில் பாடை சாய்ந்த இடத்தில், என் காதைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாய் வைதது, கை நடுங்கியது, இறக்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆயாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நடுக்கம்தான்.