புளி போட்டு மினுக்கிய தகடு

என் வீட்டு நடையில், சப்பாத்து கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கறுப்புப் பெட்டி நிற்கிறது. பழைய காலத்துக் கண்ணாடி வால்வு அம்ப்ளிஃபையர். மின்கிற்றாரின் வயரை அதில் செருகினால்தான் சபைக்குச் சத்தம் கேட்கும். மேற்பலகையில் தூசி, முன்துணியில் மஞ்சள் கறை. பின்பக்கத்துப் பித்தளைத் தகடு மட்டும் குத்துவிளக்குப் போல மினுங்குகிறது. முன்துணி கதவில் உரசாமல் இருக்கப் பெட்டியைத் திருப்பி வைத்திருப்பதால், ஷிப்ட் முடிந்து வந்து குனிகிற நேரமெல்லாம் முதலில் அந்தத் தகடுதான் கண்ணில் குத்தும். லண்டன் நோர்பரியில் இந்த எலிப்பொந்துக்குள் இது வேறு வேணுமோ என்று மனைவி கேட்டுக் களைத்துவிட்டாள். நானும் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன்.

பெட்டி என் அத்தானுடையது. அத்தான் என்றால் மூத்த அக்காவின் கணவர். கிழமை நாட்களில் பெற்றோல் ஸ்டேசனில் நிற்பார். சனி ஞாயிறுகளில் நம் ஆட்களின் கல்யாணங்களிலும் கலைவிழாக்களிலும் இசைக்குழுவோடு கிற்றார் வாசிப்பார். கார் வாங்க என்று இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை, ஒரு நாள் தோர்ன்ரன் ஹீத்தில் மூடப்போன கடையொன்றில் கொடுத்துவிட்டு இந்தப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆதிகாலத்துச் சாமான், உள்ளுக்குள் ஒரு வயர் மாறவில்லை, அசல் என்றார். அக்கா அதற்குச் சவப்பெட்டி என்று பேர் வைத்தாள். சொந்தக்காரர் வீடுகளில் அது பெரிய பகிடியாகிப் போனது. வெள்ளைக்காரன் குப்பையில் போட இருந்ததை இவர் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் முன்னாலேயே சிரிப்பார்கள். அத்தானும் சேர்ந்து சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டாள். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மழைக்குள் பஸ்ஸுக்கு நின்றவள் அவள்தானே.

தூக்கியவன் நான். அவர்களின் லிஃப்ட் இல்லாத கவுன்சில் பிளாட்டிலிருந்து இறக்கி, மண்டபத்தில் ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, என் இடுப்பு நாரி விட்டுப்போனதில் பாதிப் பங்கு அந்தப் பெட்டிக்கு உண்டு. வைத்தவுடன் அத்தான் ஒரு காய்ந்த தூரிகையால் மெல்லத் தட்டுவார். அவ்வளவுதான். ஈரத்துணி அண்டக் கூடாது. அக்காவோ வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்கத் துடைத்து, விளக்குகளைப் புளி போட்டு மினுக்காமல் பச்சைத்தண்ணி குடியாதவள். துணியோடு பெட்டிக்குக் கிட்டப் போனால் போதும், "அதில கை வையாதையும்" என்று ஒரு குரல் வரும். சரஸ்வதி பூசைக்குக் கிற்றாருக்குச் சந்தனம் வைக்க விடுவார்; பெட்டிக்குத் தலையில் ஒரு பூ மட்டும். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "என்ர கை பட்டால் தீட்டோ?" என்று அக்கா கேட்பாள். அவர் வேறு பக்கம் பார்ப்பார். என்ன மனுசனப்பா என்று எனக்கே எரிச்சல் வரும்.

அத்தான் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, அக்கா மகளோடு இருக்கப் போவதென்று முடிவானது. அங்கே அவளுக்கு ஒரு சின்ன அறைதான். சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றாள். "தம்பி, இதை ஆரும் தெரிஞ்ச ஆளிட்டக் காட்டு. விக்கிறது பிறகு. அந்த மனுசனை ஏமாத்தினவங்களோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றாள். சனமெல்லாம் சிரித்தது சரியா பிழையா என்று அறியாமல் அந்த வீட்டை விட்டு இறங்க அவளால் ஏலாது.

குரோய்டனில் பழைய அம்ப்ளிஃபையர்கள் திருத்தி விற்கும் ஒரு வயதான வெள்ளைக்காரரைப் பிடித்தேன். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர், அக்கா நீட்டிய தேநீரையும் வாங்காமல் நேரே பெட்டியின் பின்பக்கம் போய்க் குந்தினார். தகட்டைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது. கம்பனிப் பெயரும் தொடர் இலக்கமும் கறுப்பு மையில் இருக்கவேண்டிய இடம் அது. எந்தக் காலத்துச் சாமான் என்று ஊர் நம்புவது அந்த இலக்கத்தை வைத்துத்தான். இப்போது அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது. யார் இதைத் துடைத்தது என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். "நேற்றுத்தான் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சனான். வெளி ஆள் வாறார், உன்ர அத்தான் ஊத்தையாய் வைச்சிருந்தவர் எண்டு நினைக்கக் கூடாதெல்லோ" என்றாள். ஐயோ அக்கா என்று மட்டும் வாயில் வந்தது.

மனிதர் திருகாணிகளைக் கழற்றி, சின்ன டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். மின்மாற்றிகளில் பொறித்திருந்த குறிகளை வாசித்தார். ஈயப் பற்றுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்; ஒருமுறை உருக்கித் திரும்ப ஒட்டியிருந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பிறகு ஒலிபெருக்கியை இணைத்து மின்சாரம் கொடுத்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அந்தப் பழைய இரைச்சல் எழும்பி அறை முழுக்க நின்றது. அத்தான் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சத்தம் அது என்று எனக்குப் பட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அசல், என்றார் அவர். வால்வுகளைத் தவிர ஒன்றும் மாறவில்லை. இப்படிக் கை படாத ஒன்றைக் கண்டு எத்தனையோ காலம். ஆனால் இலக்கம் இல்லாமல் தான் எழுதித் தந்தாலும் வாங்குகிறவன் நம்பமாட்டான், பாதி விலைக்கும் போகாது. இந்தச் சாமான்களில் அழுக்கையும் சேர்த்துத்தான் வாங்குவார்கள், துடைக்கவே கூடாது, வைத்திருந்தவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றார். சொன்ன பிறகு தேநீரை வாங்கிக் குடித்தார்.

அவர் படியிறங்கியதும் அக்கா கதவைச் சாத்தினாள். இங்கிலிஷ் எல்லாம் அவளுக்கு விளங்கும். என்றாலும் என்னிடம் கேட்டாள்.

"அப்ப அவரை ஏமாத்தேல்லை, என்ன?"

"இல்லை அக்கா. அசல்தான்."

"நான்தான் அதை அழிச்சுப்போட்டன்."

அதற்குப் பிறகு அவளுக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி. இதாலதான் துடைக்கக் கூடாதெண்டு ஒரு சொல்லு. இவ்வளவு காலமும் என்ர கையைத்தான் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சன்" என்று தகட்டைத் தடவினாள். எனக்கு அத்தான் மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினையாதவர். அதை ஏன் சொல்லாமல் போனார்? கேலி செய்கிறவளுக்கு என்ன விளக்கம் என்று ரோசமோ, வெறும் அலுப்போ, எனக்குத் தெரியாது. விற்கமாட்டேன், நீ கொண்டுபோ என்று அக்கா சொன்னாள். மறுபடியும் அந்தப் படிகளில் அதை இறக்கினேன். மறுமுனை பிடிக்க ஆளில்லாததால் ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து எடுத்தேன்.

போன ஞாயிறு விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்த வழியில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். திருநீறும் கையுமாக நடையில் நின்று பெட்டியைப் பார்த்தாள். மேலே கிடந்த தூசியில் என் பேரன் விரலால் ஏதோ கிறுக்கி வைத்திருந்தான். வீட்டை இப்படி வைத்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. குசினிக்குள் போய் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடு தம்பி. அதில கை வையாதை."