பெரட்டுக்களத்தில் ஒயில் பார்த்த அண்ணி

வேனின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு பழைய துணி கிடக்கிறது. அண்ணி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடித்துப் போட்டுக்கொண்ட துணி. பிறகு எஞ்சின் ஒயில் அளவு பார்க்கிற கம்பியைத் துடைக்க வந்து சேர்ந்தது. எத்தனை தரம் துவைத்தாலும் கறை போகாது. தூக்கி எறியச் சொல்லி என் மனைவி பலமுறை சண்டை போட்டுவிட்டாள். வேறு எதை எறியச் சொன்னாலும் எறிவேன். இதை மாட்டேன்.

அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து, இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், வேனை விற்றுவிடுவார்கள் என்றுதான் தோட்டமே நினைத்தது. டயகமவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து அக்கரப்பத்தனைக்கு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அது. அந்த வீட்டில் உலை கொதித்ததே அதனால்தான். அண்ணி விற்கவில்லை. தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பொம்பள ஓட்டுற வேன்ல புள்ளைங்கள ஏத்துறதா?" என்று சிலர் கேட்டார்கள். அண்ணி காலையில் சரியான நேரத்துக்கு ஹோர்ன் அடித்தார், அவ்வளவுதான்.

நான் அப்போது அக்கரப்பத்தனையில் ஒரு கராஜில் வேலை செய்தேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த வயது. அண்ணி ஒயில் மாற்ற வேண்டும் என்றபோது, அண்ணன் எப்போதும் ஊற்றுகிற கட்டி ஒயிலையே சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஹட்டன் கடையில் சாதா ஒயில், பாதி சிந்தெட்டிக், முழு சிந்தெட்டிக் என்று மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மூன்று இருமல் மருந்துப் போத்தல்களில் ஊற்றி, தை மாதக் குளிரில் ராத்திரி முழுக்க வீட்டுக் கூரைத் தகரத்தின் மேல் வைத்தார். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காட்டினார். சாதா ஒயில் கித்துள் பாணிப் பாகு மாதிரி அசைய மாட்டேன் என்றது. பாதி சிந்தெட்டிக் யோசித்து யோசித்து நகர்ந்தது. முழு சிந்தெட்டிக் சாய்த்த உடனே ஓடியது.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணுன ஒடனே ஒயில் எஞ்சின் மேல போகணுமா, இல்ல டீ குடிச்சிட்டு மெதுவா போனா போதுமா?" என்று கேட்டார்.

"ஒடனே போகணும். ஆனா அது புது வண்டிக்கு ஊத்துறது அண்ணி. பழைய எஞ்சின்ல ஊத்துனா சீல் வழியா ஒழுகிடும்" என்றேன். கராஜில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்.

"டயகம குளிரு என்ன, வண்டி புதுசா பழசான்னு கேட்டுக்கிட்டா அடிக்குது?"

மூன்று மடங்கு விலை கொடுத்து முழு சிந்தெட்டிக்கையே ஊற்றினார். முன்பெல்லாம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் லைட் அணைய எட்டு எண்ண வேண்டும். இப்போது இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. எஞ்சினும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

அதனால் இன்னொன்றும் மாறியது. அண்ணன் காலத்தில் வேனை எங்கள் வீட்டு வரிசையான லயத்துச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துவோம். குளிரில் எஞ்சின் பிடிக்காவிட்டால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ய வசதி. ஆனால் அப்படி நின்றால் கதவு பள்ளத்துப் பக்கம் திறக்கும். பிள்ளைகள் வழுக்கி விழுவார்களோ என்று அண்ணிக்கு எப்போதும் பயம். இனி உருட்டத் தேவையில்லை என்றானதும், லயத்துப் படிப் பக்கம் கதவு வரும்படி வேனை மூக்கு மேலே பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

அடுத்த வாரம் நான் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, குடிச்சிருச்சு" என்றேன். அண்ணி வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. புகையும் இல்லை. "ஒழுகல, பொகையல. அப்ப எங்க தம்பி போச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். மாறாக, கடையடியில் நாலு பேர் முன்னால், அண்ணி வேனின் எஞ்சின் முடிந்துவிட்டது, ஏதாவது ஒரு ஏற்றத்தில் நின்றுவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன். வாயில் வந்த அந்த ஒரு வார்த்தை மறுநாளே எல்லா லயத்துக்கும் போய்விட்டது. பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றுவதென்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். அந்த மாதக் கடைசியோடு அண்ணி வேனில் ஒரு பிள்ளையும் இருக்காது.

அன்று சாயந்தரம் அண்ணி பிளேன்டீ குடித்தபடி வேன் படியில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை வேனுக்குள் தரையில் வைத்தவர், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும் மறு பக்கம் இறங்கியும் நின்றது. "தம்பி, அந்தக் கம்பி எஞ்சின்ல எந்தப் பக்கம் எறங்குது?" என்று கேட்டார். "முன்பக்கம்" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மூக்கு மேலே பார்க்க நின்றால் ஒயில் எல்லாம் பின்னால் போய்விடும். கம்பி வெறும் சட்டியைத்தான் தொடும். சமதரையில் அளக்க வேண்டும் என்பது எந்த மெக்கானிக்கும் முதல் நாள் படிக்கிற பாடம். சரிவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குச் சரிவு சரிவாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பெரட்டு. ஆட்கள் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற அந்தச் சிமெந்துக் களத்துக்குள் அண்ணி வேனை நேராக ஓட்டி வந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். வெளி வண்டிகள் அங்கே வரக்கூடாது.

வேலை பிரித்துக் கொடுக்கிற தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா கத்தினார்: "யாரு உள்ள விட்டது? இது பெரட்டுக்களம், ஒன் கராஜ் இல்ல!"

"பத்து நிமிஷம் ஐயா, ஒயில் எறங்கணும்" என்றார் அண்ணி. "சமமான தரை தொரை பங்களாவுல இருக்கு, தேயிலை ஸ்டோர்ல இருக்கு, இங்க இருக்கு. லயத்துல ஒரு கொட்டப்பாக்க வெச்சாக்கூட உருண்டு ஓடுது. நான் வேற எங்க போயி அளக்குறது?"

பெண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து அண்ணி கம்பியை இழுத்து, அந்தத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். யாரிடமும் காட்டவில்லை. கராஜுக்குப் போகிற வழியில் ஆண்கள் வரிசையின் ஓரத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"நீங்க கொறைச்சல்னு சொன்னீங்க. நீங்களே பாத்து சொல்லுங்க. கடையடியில சொன்ன மாதிரி, எல்லாருக்கும் கேக்கணும்."

"மேல் கோட்டுல இருக்கு" என்றேன்.

"கேக்கல தம்பி."

கத்தினேன். என் பொய்யை என் வாயாலேயே தின்னவைத்தார். அன்று அவமானமாக இருந்தது. இன்று, அதைவிடக் குறைவாக எனக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. ஒரு பிள்ளையும் வேன் மாறவில்லை.

அண்ணி செத்துப்போய் மூன்று வருஷமாகிறது. கராஜை விட்டுவிட்டு நான்தான் வேனை ஓட்டுகிறேன். அந்த எஞ்சினை இதுவரை யாரும் பிரித்ததில்லை. பெரட்டுக்களத்து வாசலில் இப்போது சங்கிலி போட்டு, வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருக்கிறார்கள். லயத்துச் சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

மாதத்தில் முதல் திங்கட்கிழமை, பெரட்டு நேரத்தில், சங்கிலியைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். பத்து நிமிஷம் நிற்கிறேன். அண்ணியின் துணியால் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுக்கிறேன். புதிதாக வந்த கண்டாக்கு ஒவ்வொரு முறையும் முறைக்கிறார். முறைக்கட்டும். யாரும் கேட்காவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்திச் சொல்லிவிட்டுத்தான் வேனை எடுக்கிறேன்:

"மேல் கோட்டுல இருக்கு!"